சம்ப்புக்குள் முக்கால் மணி நேரம்

சம்ப்பின் வாய்க்கு மேல் நான் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி இடம் மாறியிருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் சம்ப்புக்குள் எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றியது. அதற்குள் மொட்டை மாடி, மோட்டார் ரூம், கார் நிற்கும் இடம், பின்பக்கத்து முருங்கை மரத்தடி என்று எல்லா இடத்திலும் தேடி முடித்திருந்தோம். மூன்றாவது மாடி வீட்டில் கதவு திறந்து கிடந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையைக் காணோம். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற தவமலர் அக்காவையும் காணோம்.

சம்ப் என்றால் கட்டடத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற நிலத்தடித் தொட்டி. அன்று காலையில்தான் நான் அதில் இறங்கித் தேய்த்துக் கழுவியிருந்தேன். தண்ணி லாரி மதியத்துக்கு மேல்தான் வரும். பிளீச்சிங் பவுடர் நெடி போகட்டும் என்று இரும்பு மூடியைத் திறந்து வைத்து, யாரும் கால் தவறி விழாமல் இருக்க வாய்க்கு மேல் நாற்காலியை நிறுத்தியிருந்தேன்.

குனிந்து பார்த்தேன். முதலில் இருட்டு. பிறகு ஈரத் தரையில் கிடந்த ஒரு முந்தானை. பிறகு முகம்.

அக்கா மூலையில் குந்தியிருந்தார். மடியில் குழந்தை. குழந்தையின் காதுகளைத் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்தியிருந்தார். குழந்தையின் வாயில் ஒரு துணி நுனி. அக்காவின் வாயில் அவருடைய சேலை நுனி. இரண்டு பேரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் முன்பே கண்டுபிடித்திருப்போம்.

என் தலைக்கு மேல் மறுபடியும் வானம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போனது. தெருவில் நின்ற கார்கள் எல்லாம் ஒன்றாக அலற ஆரம்பித்தன. முருங்கை மரத்துக் காக்கைகள் எழும்பின. கடற்கரையில் நடக்கப்போகும் விமான சாகசக் காட்சிக்கு அன்றைக்கு ஒத்திகை.

காலிங் பெல்

என் கூச்சத்தைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் சிரித்திருப்பீர்கள். இந்த வாரம் அது சிரிப்பு விஷயமாக இல்லை.

பத்தாவது வரை படித்தவன் நான். மந்தைவெளியில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மென்டில் பகல் நேர வாட்ச்மேன். கேட்டைத் திறப்பது, மோட்டார் போடுவது, சம்ப் கழுவுவது எல்லாம் செய்வேன். ஒரு வேலை மட்டும் வராது. காலிங் பெல் அடிப்பது. மூடிய கதவுக்கு முன்னால் நின்று, உள்ளே யாரோ நடந்து வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வந்தவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிற அந்த அரை நிமிடம் எனக்கு ஆகாது. கூரியர் வந்தால்கூடக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கிவிடுவேன்.

அப்படிப்பட்ட என்னோடு தானாக வந்து பேசியவர் தவமலர் அக்கா.

இலங்கையில் வன்னிப் பக்கம் அவர் ஊர். கடைசிச் சண்டை தொடங்கிய மறுவருடம் படகில் ராமேஸ்வரம் வந்து, முகாமில் பல வருடம் இருந்து, தன் கூடப்பிறந்த அக்காவின் மகளோடு சைதாப்பேட்டையில் ஓர் அறையில் குடியிருந்தார். மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரியா மேடம் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. மேடத்தின் வீட்டுக்காரர் வெளிநாட்டில். குழந்தை ஆதிரைக்கு அப்போது ஒன்றரை வயது.

அக்கா லிஃப்டில் ஏற மாட்டார். காலை பதினோரு மணிக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்து கீழ்ப்படியில் உட்காருவார். நான் எதிரில் என் நாற்காலியில் இருப்பேன்.

“தம்பி, இவ இடக்கைக்காரி. பாத்தியளோ?” என்று ஒரு நாள் சொன்னார். “பிஸ்கட் குடுத்தால் இடக்கையை நீட்டுவா. ரா ரா எண்டு கையாட்டுறதும் இடக்கையாலதான். தாய் மாத்தப் பாக்கிறா. நான் சொன்னனான், விடுங்கோ பிள்ளை, கை அது அவவின்ரை கை எண்டு.”

முதல் மாடிக்காரரின் டிரைவர் சேகர் காரைத் துடைத்துக்கொண்டே வம்புக்கு இழுப்பான்.

“இன்னா சிலோன் அக்கா, இன்னிக்கு இன்னா கத கதைக்கிறீங்கோ?”

“கதைக்கிறதுக்கு ஆள் வேணுமே சேகர். உன்னோட கதைச்சால் எனக்குக் காதுதான் வலிக்கும்.”

“பாத்தியா நைனா, ஒன்னோட மட்டும் நல்லா பேசிக்கினு கீது. என்னைக் கண்டாதான் ஆவல.”

அக்கா சிரிப்பார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும்.

நாயைப் பார்க்கிறது

பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா சில சமயம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். மந்தைவெளிக்கு மேல் எப்போதாவது ஹெலிகாப்டர் போகும். அது போகும்வரை வாயில் இருந்த சொல் வாயிலேயே இருக்கும். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். காரணம் தெரியாமலே அதை நான் கவனித்து வைத்திருந்தேன். கூச்சப்படுகிறவனுக்கு அடுத்தவரைக் கவனிப்பதுதான் பொழுதுபோக்கு.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். “இன்னாக்கா, சத்தம் கேட்டா பயமா கீதா?”

“பயமெண்டில்லைத் தம்பி. பழக்கம்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர்களுக்குச் சத்தத்தை வைத்தே எல்லாம் தெரியும். தாழ்வாகப் பறந்து சுடுவது ஹெலி. குண்டு போடுவது பொம்பர். ஆளில்லாமல் ஊருக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு வண்டு என்று பெயர்.

“வண்டு சுத்தத் தொடங்கினால் உலையில அரிசி போட மாட்டம். அது பாத்திட்டுப் போகும். பிறகு பொம்பர் வரும். பொம்பரின்ரை சத்தம் எங்களுக்குக் கேக்கேக்க அது தலைக்கு மேல வந்திடும். அதாலை நாங்கள் வானத்தைப் பாக்கிறேல்லை. நாயைப் பாக்கிறது.”

“நாயையா?”

“ஓம். நாய்க்கு முதல்லயே கேட்டிடும். அது எழும்பிப் பங்கருக்குள்ள போனால் நாங்களும் பின்னால போறது.”

பங்கர் என்பது வீட்டு முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழி. மேலே பனைமரத் துண்டுகளை அடுக்கி மண் மூட்டை போடுவார்களாம். ஒத்திகைக்கு ஆறு மாதம் முன்பு நான் சம்ப் கழுவியபோது அக்கா குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, “எங்கடையில இதில பாதி அகலம்தான் தம்பி. இது மாளிகை” என்றார். நானும் சிரித்துக்கொண்டு, “அப்ப ஏதாவதுன்னா இங்க வந்துடுங்கக்கா, எடம் நெறைய கீது” என்றேன்.

விளையாட்டாகச் சொன்னதுதான். சொன்னவன் நான்தான்.

குண்டு விழும்போது வாயை இறுக்கி மூடியிருந்தால் காதுச் சவ்வு கிழிந்துவிடுமாம். அதனால் எதையாவது கடித்துக்கொள்ள வேண்டும், காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். இதை ஆதிரைக்கு ஒரு விளையாட்டாகவே ஆக்கி வைத்திருந்தார். ஹெலிகாப்டர் சத்தம் வந்தால், “காதைப் பொத்து, சட்டையைக் கடி!” என்பார். அந்தச் சின்னது கவுன் நுனியைக் கடித்துக்கொண்டு இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்ளும். சத்தம் தேய்ந்ததும் அக்கா கையை விரித்து, “போட்டுது!” என்பார். போய்விட்டது என்று அர்த்தம். குழந்தை கெக்கெக்கென்று சிரிக்கும்.

நானும் சிரித்திருக்கிறேன்.

வெள்ளை வேட்டி

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் அடையாறு பொங்கியபோது நாங்கள் சைதாப்பேட்டையில் மொட்டை மாடியில் இரண்டு நாள் கிடந்த கதையை முன்பொரு வாரம் எழுதியிருந்தேன். அப்போது ஹெலிகாப்டர் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. அவர்கள் கண்ணில் படுவதற்காக நான் கட்டியிருந்த வெள்ளை வேட்டியையே அவிழ்த்து ஆட்டினேன். டவுசரோடு நின்ற என்னைப் பார்த்து என் மனைவி அந்த நிலைமையிலும் சிரித்தாள்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்.

“எங்களுக்கு வெள்ளை ஆகாது தம்பி. பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் வெள்ளை. தோய்ச்சால் வெளிக்கொடியில போட மாட்டம். மேலயிருந்து தெரியும். வீட்டுக்குள்ள போட்டுக் காயாமல் ஒரு மணம் மணக்கும். பிள்ளையள் அந்த மணத்தோடதான் படிக்கப் போகுங்கள்.”

நாங்கள் வெள்ளையை ஆட்டியதால் சோறு விழுந்தது. அவர்களுக்கு வெள்ளையைக் கண்டால் வேறொன்று விழுந்திருக்கிறது. வானம் ஒன்றுதான். பாக் நீரிணை என்று பள்ளிக்கூடத்தில் மேப்பில் குறித்த அந்தச் சின்ன நீலக் கோடுதான் நடுவில்.

கடைசிக் காலத்தில் அவர்கள் பக்கத்துச் சின்ன விமானங்களும் பறந்து போய்க் குண்டு போட்டனவாம்.

“அண்டைக்கு நாங்கள் எல்லாரும் வெளியில வந்து கை தட்டினனாங்கள். எங்களுக்கும் இருக்கெண்டு ஒரு சந்தோசம். நானும் தட்டினனான்” என்றார். ஆதிரையின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார், “அங்காலையும் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள் எண்டு அப்ப யோசிக்கேல்லை.”

தனக்கு ஒரு மகள் இருந்தாள், சின்னதிலேயே போய்விட்டாள் என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒட்டிய தாள்

ஒத்திகைக்கு முதல் நாள் செக்ரட்டரி சார் என்னைக் கூப்பிட்டார். பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கையில் ஒரு தாள்.

“ஏழுமலை, நாளைக்குப் பதினோரு மணியிலேர்ந்து பிளேனெல்லாம் ரிகர்சல் பண்றாளாம். சத்தம் பலமா இருக்குமாம். எல்லார் ஆத்துக்கும் போய் நேர்ல சொல்லிடு. கொழந்தை இருக்கற ஆத்துல, வயசானவா இருக்கற ஆத்துல அவசியம் சொல்லணும். சும்மா ஒட்டிட்டு வந்துடாதே. ஒன்னைப் பத்தித் தெரியும் நேக்கு.”

“சரிங்க சார்.”

தாளை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பெல் அடிக்கக்கூட வேண்டாம், அவர்தான் கீழே வருவாரே. சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது, “வரட்டே தம்பி” என்று கேட்டருகே ஒரு நிமிடம் நின்றார். அப்போது வாய் வரை வந்தது. நாளைக்கு விமானம் வரும் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலே பழையதைக் கிளறின மாதிரி ஆகிவிடுமோ? இரவெல்லாம் தூங்காமல் கிடப்பாரோ? எப்படியும் தாளைப் படிப்பார், மேடம் சொல்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

லிஃப்டில் ஏறாதவர் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய தாளை எப்படிப் படிப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மேடமும் ஒத்திகை நாளில் தாளைக் கவனிக்காமல் காலை எட்டு மணிக்கே ஆபீஸ் கிளம்பிப் போய்விட்டார்கள்.

மறுநாள் முதல் விமானம் போனபோது நான் தெருமுனை டீக்கடையில் இருந்தேன். கிளாஸில் இருந்த டீ நடுங்கியது. கடைக்காரர் கையைத் தட்டி விசிலடித்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன். ஐந்து விமானங்கள், அம்பு மாதிரி. அழகாகத்தான் இருந்தது. அங்கேயே நின்று இரண்டு சுற்றுப் பார்த்தேன்.

“தெரியாதுங்க மேடம்”

பிரியா மேடம் ஆபீஸிலிருந்து போனில் வீட்டுக் கேமராவைப் பார்த்திருக்கிறார்கள். கூடத்தில் யாரும் இல்லை. அக்காவுக்குப் போன் செய்தால் அது மேஜை மேலேயே அடிக்கிறது. செக்ரட்டரிக்குச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடி வந்தார்கள். அவர்கள் கேட்டுக்குள் நுழையவும், நான் நாற்காலி இடம் மாறியிருப்பதைப் பார்க்கவும் சரியாக இருந்தது.

நான் இறங்கிக் குழந்தையை வாங்கி மேலே கொடுத்தேன். சுவரில் பதித்த இரும்புக் கம்பிகள்தான் படி. அக்காவுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஒரு கையில் குழந்தையோடு எப்படி இறங்கினார் என்று எனக்குப் புரியவே இல்லை. மேலே ஏறும்போது அவருக்கு மூன்று முறை கால் வழுக்கியது.

மேடம் குழந்தையைக் கட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் வாயில் இருந்த துணியைப் பார்த்தார்கள். உருவி எடுத்தார்கள். எச்சில் நனைந்த கைக்குட்டை.

“வாயில துணி அடைச்சு வெச்சிருக்கீங்க! கத்தக் கூடாதுன்னா? எங்க தூக்கிட்டுப் போக இருந்தீங்க?”

“காதுக்கம்மா… காதுக்கு…” என்றார் அக்கா. வேறு எதுவும் வரவில்லை. சேலை முழங்கால் வரை ஈரம்.

“முக்கா மணி நேரம்! போனை மேல வெச்சுட்டு, கதவைத் தொறந்து போட்டுட்டு… இதுக்குள்ள தண்ணி விட்டிருந்தா?”

“ஊர் பேரு தெரியாதவங்கள நம்பி வுட்டா இப்டித்தான் மேடம்” என்றான் சேகர். தினமும் அக்காவோடு சிரிக்கிறவன்தான்.

செக்ரட்டரி சார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “போலீஸ் கீலீஸெல்லாம் வேண்டாம்மா. கொழந்தை கெடைச்சுடுத்து, பெருமாள் காப்பாத்தினார். அந்தம்மாவை அனுப்பிச்சுடு, அவ்ளோதான்” என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார்கள். கண் சிவந்திருந்தது.

“அண்ணா, நீங்கதானே தினமும் இவங்ககூடப் பேசுவீங்க? எதுக்கு இப்படிப் பண்ணாங்க? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார்.

எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். துணி எதற்கு, காதைப் பொத்தியது எதற்கு, விமானம் போனதும் உடனே வெளியே வராமல் இருந்தது எதற்கு என்று எல்லாம் தெரியும். பொம்பர் போனதும் வெளியே வரக்கூடாது, திரும்பி வரும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது திரும்பித் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது.

சொன்னால் தாளில் இருந்ததை ஏன் நேரில் போய்ச் சொல்லவில்லை என்று செக்ரட்டரி கேட்பார். மூடியைத் திறந்து போட்டுவிட்டு ஏன் டீக்கடைக்குப் போனாய் என்று கேட்பார். அதெல்லாம் அப்போது மனதில் ஓடியதா என்றால், உண்மையாகச் சொல்கிறேன், ஓடவில்லை. அத்தனை முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அதுதான்.

“தெரியாதுங்க மேடம்” என்றேன்.

அக்கா பார்வையை எடுத்துக்கொண்டார்.

பையை எடுத்துக்கொண்டு அவர் கேட்டுக்கு வந்தபோது நான் திறந்துவிட்டேன். அது என் வேலை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நின்றார். குரலில் கோபம் இல்லை, யாரிடமோ விலாசம் சொல்வது மாதிரி இருந்தது.

“மகளை ஏணையில போட்டிட்டுக் கிணத்தடிக்குப் போனனான் தம்பி. பொம்பர் வந்தோடனை பக்கத்து வீட்டு வளவுப் பங்கருக்குள்ள குதிச்சிட்டன். ஏணை கூப்பிடு தூரத்திலதான். பிள்ளை அழுறது எனக்குக் கேட்டது. அண்டைக்கு நான் விட்டிட்டு ஓடினனான். இண்டைக்கு விடேல்லை.”

ஏணை என்றால் தூளி.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாகசக் காட்சி. கடற்கரைக்குப் போக முடியாதவர்கள் எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்தார்கள். நான் நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டேன். சுண்டல், மோர், குடை, தொப்பி. பிரியா மேடமும் ஆதிரையோடு வந்தார்கள். அந்த வாரம் முழுக்க லீவு போட்டு வீட்டில் இருந்தார்கள்.

முதல் விமானம் வந்ததும் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். மேடம் குழந்தைக்குக் காட்ட விரலை நீட்டித் திரும்பினார்கள். குழந்தை பக்கத்தில் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்தாள். தூணோடு ஒட்டிக் குந்திக்கொண்டு, கவுன் நுனியைக் கடித்துக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு. அழவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

“ஐயய்ய, இன்னா இஸ்டைலு பாரேன்!” என்று சேகர் சிரித்தான். இன்னும் சிலரும் சிரித்தார்கள்.

மேடமும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கவுன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதை இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்று மெதுவாகக் கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. யாரையுமே கேட்கவில்லை.

விமானம் தூரத்தில் தேய்ந்தது. குழந்தை விரலை எடுத்துவிட்டு எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரோ ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். எனக்கு அந்தச் சொல் தெரியும்.

“போட்டுது” என்றேன்.

அவள் சிரித்தாள். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தனை பேருக்கு முன்னால் அன்றைக்கு நான் பேசினேன். நாய், வண்டு, வெள்ளைச் சட்டை, காதுச் சவ்வு, தூளி, ஒட்டிய தாள், திறந்த மூடி, நான் சொன்ன “தெரியாது” எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே விமானம் வந்தால் நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். செக்ரட்டரி சார் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சேகர் குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தான்.

மேடம் வெயிலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சீனி

மறுநாள் மேடமும் குழந்தையும் நானும் ஆட்டோவில் சைதாப்பேட்டை போனோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அக்கா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், அறைக்கு உள்ளே.

ஆதிரை இடது கையை நீட்டிக்கொண்டு தாவினாள். அக்கா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வைத்த இடம் அவளுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

மேடம் அழுதார்கள். “மன்னிச்சிடுங்க அக்கா. எனக்குத் தெரியாது. நாளைக்கே வந்துடுங்க.”

“உங்களில கோவமில்லைப் பிள்ளை. என்ரை பிள்ளையை ஆரும் குழிக்குள்ள கொண்டுபோனால் நானும் கத்தியிருப்பன்.”

“அப்ப வருவீங்கதானே?”

மேடம் மொட்டை மாடியில் நடந்ததைச் சொன்னார்கள். குழந்தைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, உங்களைத்தான் தேடுகிறாள் என்பதற்காகச் சொன்னார்கள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். தொட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தாள் என்ற இடத்தில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“தனியவோ போய் இருந்தவ?”

“ஆமாக்கா. கவுனைக் கடிச்சுக்கிட்டு.”

பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது.

“இவவுக்கு ஆர் பழக்கினது? நான்தான்” என்றார் அக்கா. “விளையாட்டெண்டு நினைச்சுத்தான் பழக்கினன். எனக்கே தெரியேல்லை. என்னட்டை இருந்ததை இந்தப் பச்சைப் பிள்ளையின்ரை கையில குடுத்துப்போட்டன். நான் வந்தால் இன்னும் பழகுவா. நான் வரேல்லைப் பிள்ளை. அவ மறக்கட்டும்.”

மேடம் எவ்வளவோ கெஞ்சினார்கள். அக்கா குழந்தையின் தலையை முகர்ந்துகொண்டே இல்லை இல்லை என்று தலையாட்டினார்.

நான் வாசலில் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் ஆட்டோவில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அங்கே வந்ததும் வழக்கம் போல அது வரவில்லை. அக்கா தேநீர் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

“சீனி காணுமோ தம்பி?”

“போதுங்கக்கா” என்றேன். எனக்கும் அவருக்கும் நடுவில் அதற்கு மேல் அதைப் பற்றி எந்தப் பேச்சும் நடக்கவில்லை.

போன மாதம்

இப்போதெல்லாம் நான் காலிங் பெல் அடிக்கிறேன். தண்ணீர் வராது என்றாலும், லிஃப்ட் ஓடாது என்றாலும் பன்னிரண்டு வீட்டுக்கும் போய் அடிக்கிறேன். அந்த அரை நிமிடம் இன்னும் எனக்கு ஆகாதுதான். அடித்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலை ஆதிரை ஸ்கூல் வேனுக்காகக் கேட்டருகே நின்றிருந்தாள். வளர்ந்துவிட்டாள். ஒரு ஹெலிகாப்டர் மிகவும் தாழ்வாக வந்தது. என் கை தானாக நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டது. அவளையே பார்த்தேன்.

அவள் அண்ணாந்து பார்த்து, “ஹாய்!” என்று கையாட்டினாள். அது மறையும் வரை ஆட்டினாள்.

“பாப்பா, தவமலர் அக்காவ ஞாபகம் கீதா?” என்று கேட்டேன்.

“அது யாரு?” என்றாள். வேன் வந்துவிட்டது.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன். நானாக யாருக்கும் போன் செய்வது அபூர்வம்.

“மறந்துட்டாக்கா. ஹெலிகாப்டர் வந்துச்சு, பயப்படவே இல்ல. கையாட்டினா” என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

“நல்லது தம்பி” என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“எந்தக் கையாலை ஆட்டினவ?”

“எடது கைக்கா.”

“ஓம்” என்றார். “அவ எதையும் இடக்கையாலதான்.”